விதையுருண்டையும் விவேகமும்

பள்ளிச் சிறார் மண்ணைப் பிசைந்து விதையுருண்டை செய்து தரிசு நிலங்களில் வீசும் காட்சி இன்று நாட்டின் பல பகுதிகளில் காணப்படுகிறது. இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும், வீசிய உருண்டைகளை எண்ணுவோர் பலர். நிலைத்த கன்றுகளை எண்ணுவோர் சிலர். இக்குறை களையப்படல் வேண்டும்.

இம்முறை புதியதன்று. ஜப்பானின் ஷிகோகு தீவில் மசனொபு புகுவோகா என்னும் உழவர், களிமண் பொதிந்த விதைகளை உழாத நிலத்தில் தூவிப் பயிர் செய்தார். 1973இல் நியூயார்க் நகரில் லிஸ் கிறிஸ்டியும் தோழர்களும் பாழ்மனைகளில் பசுமை வளர்க்க முற்பட்டனர்; வேலிக்கு அப்பால் விதைப்பொதிகளை வீசுவதும் அவர்கள் கையாண்ட வழியாகும்.

களிமண்ணும் மக்கிய எருவும் கலந்த உறை, விதையைப் பறவை, எறும்பு, வெயில் ஆகியவற்றினின்று காக்கிறது. மழையில் கரைந்து முளைக்க வழிவிடுகிறது. ஆனால் உயிரற்ற விதைக்கு அது உயிரூட்டாது. வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். அதனை உருண்டையாக்கி அடுத்த ஆண்டு மழைக்கென வைத்திருப்பது வீண் வேலை.

இடத் தேர்வு இதனினும் முக்கியம். இயற்கைப் புல்வெளியைத் தரிசென மயங்கி மரவிதை வீசுதல் நன்மையன்று. ராஜஸ்தானத்துக் கானமயில் வாழ்வது அத்தகைய திறந்த வெளியிலேயே. சீமைக்கருவேல் போன்று பரந்து பிற செடிகளை நெருக்கும் இனங்களை அறவே விலக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்கள் முதலில் இருபது விதைகளை ஈரத்துணியில் முளைக்கவைத்துச் சோதிப்பாராக. களப்பணியாளர் நிலத்தை ஆராய்ந்து உரிய உள்ளூர் இனங்களைக் கூறுவாராக. மழைக்குப்பின் மாணவர் அவ்விடம் சென்று கன்றுகளை எண்ணட்டும். வீசுதல் ஒருநாள் விழா, எண்ணுதலே விஞ்ஞானம்.