யாரைக் கேட்பது?

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களிடம் ஒரு புதுப் பழக்கத்தைக் காண்கிறேன். வேலையில் ஒரு முடிச்சு விழுந்தால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பதில்லை. 'இந்த விஷயம் நம் ஆபீஸில் யாருக்குத் தெரியும்?' என்று திரையிலுள்ள உரையாடல் யந்திரத்தைக் கேட்கிறார்கள். அது நாலு பெயர்களைச் சொல்லுகிறது. அத்தோடு நிற்காமல், அந்த நாலு பேரும் எப்போதோ எழுதி வைத்ததிலிருந்து ஆலோசனையும் வடித்துக் கொடுத்து விடுகிறது. ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேலதிகாரிகளுக்குப் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

யந்திரத்துக்கு ஞானதிருஷ்டி கிடையாது, ஐயா. ஆபீஸ் கடிதங்கள், அறிக்கைகள், சிப்பந்திகள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பிய படிவங்கள் ஆகியவற்றில் எதைப் படிக்க அனுமதி உண்டோ அதைத்தான் படிக்கிறது. ஆகவே எழுதியவனே அதன் கண்ணுக்கு வல்லவன். எழுதாதவன் அங்கே பிறக்கவே இல்லை. தன்னைப் பற்றி இரண்டு பக்கம் நிரப்புகிறவர் யார், சத்தமில்லாமல் பத்துப் பேருடைய சிக்கலைத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யார் என்பது ஆபீஸில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

இந்த ஊரை உண்டாக்கியவர்கள் எழுதிக்கொண்டா இருந்தார்கள்? 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. 1937-ல், உள்நாட்டிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று பெயர் பெற்றது பீளமேட்டிலிருந்து வெளிவந்தது. அதில் பங்குகொண்ட ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் அவர் எதை எழுதியிருப்பார்? யந்திரம் அவரை எத்தனையாவது பெயராகச் சொல்லியிருக்கும்? இன்றைக்கும் இங்குள்ள பவுண்டரிகளில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி இறுக்கி, இரண்டாக ஒடித்துப் பார்த்து, ஈரம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுகிற ஆள் இருக்கிறார். அவருடைய விரல் அறிந்ததை எந்தப் படிவத்தில் ஏற்றுவது? அவர் பக்கத்தில் நின்று, 'ஏனுங்கண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்தவன் கற்றான்.

இது பம்பு செட்டு ஊரின் பழங்கதை என்று தள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பழுது பார்ப்பவர்களோடு ஜூலியன் ஆர் என்ற ஆராய்ச்சியாளர் கூடவே சுற்றிப் பார்த்து, 1996-ல் புத்தகம் போட்டார். கம்பெனி கொடுத்த கையேடு கைவிட்ட இடத்தில், சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளே அவர்களைக் காப்பாற்றின என்பது அவர் கண்டது. பிறகு அந்தக் கம்பெனி 'யுரேகா' என்ற குறிப்புக் களஞ்சியத்தை அமைத்தபோது, சக தொழிலாளிகளே சரிபார்த்த குறிப்புகள் எழுதியவரின் பெயரோடு வந்தன. அந்தப் பெயர்தான் முக்கியம்.

நம் பக்கத்து பெங்களூரில் இன்போஸிஸ் வேறு வழியில் போனது. எந்த விஷயத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று உள்ளுக்குள்ளேயே ஒரு வல்லுநர் பட்டியல் வைத்திருந்த கம்பெனி அது. 2000 வாக்கில், எழுதிக் கொடுப்பவர்களுக்கு 'அறிவு நாணயம்' என்று புள்ளிகள் கொடுத்து, அதைப் பரிசாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். கட்டுரைகள் குவிந்தன, தரம் இறங்கியது. விதிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்துக்குக் கூலி கொடுத்தால் எழுத்துதான் வரும். வித்தை வரவேண்டும் என்று என்ன கட்டாயம்?

யந்திரத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க நான் வக்கீல் அல்ல. லேத்தில் வேலையைப் பொருத்தும்போது பையன் பார்த்துவிடாமல் முதுகைத் திருப்பிக்கொள்கிற மேஸ்திரிகளும் நம் ஊரில் இருந்தார்கள். 'அண்ணனைக் கேள்' என்பது யாருக்கு அண்ணன் வாய்த்திருக்கிறாரோ அவருக்குத்தான் வசதி. திருப்பூர்ப் பனியன் தொழிலைப் பற்றி 2004-ல் வெளியான ஷரத் சாரியின் நூல், உழைத்து முதலாளியானவர்களின் சகோதரத்துவத்தைச் சொல்லுகிறது. பெரும்பாலும் அது ஒரே சமூகத்துச் சகோதரத்துவம். பவானியிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ முதன்முதலாக உத்தியோகத்துக்கு வரும் ஒரு பெண், பத்து ஆண்கள் நடுவே எழுந்து நின்று சந்தேகம் கேட்கக் கூசுவாள். யந்திரம் அவளைப் பார்த்து இளிப்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பதில்லை. அவள் அதைக் கேட்கட்டும். பெயரைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் பெயர் தெரிந்த பிறகு? அந்த மனிதர் அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், அந்த அரை மணியை யார் கணக்கில் எழுதுவது? இங்கேதான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. கற்றுக்கொடுப்பதை அது ஒரு நாளும் வேலையாக மதித்ததில்லை. மதித்தால் நேரம் ஒதுக்க வேண்டும், சம்பளம் கூட்ட வேண்டும். அதற்குப் பதில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டி யந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, 'வழிகாட்டுதலுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது' என்று சுற்றறிக்கை விடுகிறார்கள். மூத்தவர் எழுதி வைத்தது பெயரில்லாமல் விநியோகமாகிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வையோடு கணக்கு முடிகிறது.

வருஷாந்தர மதிப்பீட்டுப் படிவத்தில், 'பிறருக்குக் கற்றுக்கொடுத்த மணி நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் நாலு பேரிடம் விசாரித்தேன். மூன்று பேர் இல்லை என்றார்கள். நாலாவது ஆள் சிரித்தார்.