விமானி அறையில் இருவர் வேண்டும்

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு காலத்தில் பேராவின் இரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேலைக்கும் படிப்புக்கும் அவ்வழியே பறக்கிறார்கள். இந்தக் குறுகிய பயணத்திற்கும் விமானி அறையில் இருவர் அமர்ந்திருப்பர். தானியங்கிக் கருவி இருக்கும்போது ஒருவர் போதாதா என்ற கேள்வி இப்போது விமானத் துறையில் எழுந்துள்ளது. செலவு குறையும், விமானிகள் பற்றாக்குறையும் தீரும் என்கின்றனர் சிலர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

2024 பிப்ரவரி 17ஆம் நாள், பிராங்பர்ட்டிலிருந்து ஸ்பெயினின் செவில் நகருக்கு லுப்தான்சா விமானம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. தலைமை விமானி கழிவறைக்குச் சென்ற வேளையில், தனியே இருந்த துணை விமானி திடீரெனச் செயலிழந்தார். தானியங்கி இயங்கியதால் விமானம் விழவில்லை. எனினும், 199 பயணிகளுடன் அது சுமார் 10 நிமிடம் இயக்குவாரின்றிப் பறந்தது. திரும்பி வந்த தலைமை விமானி கதவுக் குறியீட்டை ஐந்து முறை அழுத்தியும் பதில் இல்லை. அவசரக் குறியீட்டை அழுத்திய பின்னரே, சற்றுத் தெளிந்த துணை விமானி உள்ளிருந்து கதவைத் திறந்தார். விமானம் மட்ரிட்டில் தரையிறங்கியது. மருத்துவச் சோதனையில் தேறியவருக்கே இந்நிலை!

அதே ஆண்டு அக்டோபரில், சியாட்டலிலிருந்து இஸ்தான்புல் சென்ற துருக்கி விமானத்தின் தலைமை விமானி நடுவானில் இறந்தார். உடனிருந்த விமானிகள் விமானத்தை நியூயார்க்கில் பத்திரமாக இறக்கினர்.

இது அதிர்ஷ்டமன்று, பயிற்சி. ஒரு விமானி இரண்டு முறை கேட்டும் மறுமொழி தராவிட்டால், அவர் செயலிழந்தார் எனக் கருதி மற்றவர் உடனே கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும். பணியாளர் ஒருவர் வந்து, மயங்கியவரின் உடல் விசைகள்மீது சாயாதபடி பின்னுக்கு இழுத்து, இருக்கைப் பட்டையால் இறுக்குவார். பிறகு அவசர அழைப்பு, அருகிலுள்ள விமான நிலையம். உணவு நச்சானால் இருவரும் ஒருசேரப் படுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் அவர்களுக்கு வெவ்வேறு உணவையே தருகின்றன. தட்டில்கூட இவ்வளவு எச்சரிக்கை!

இருவர் இருந்தாலே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 ஜனவரியில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாத்திக் ஏர் விமானத்தில் இரு விமானிகளும் சுமார் 28 நிமிடம் உறங்கிவிட்டனர். 153 பயணிகளுக்கும் தீங்கு நேரவில்லை. விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரப்படாவிட்டால் இரண்டாம் இருக்கையால் பயனில்லை என்பதை நிறுவனங்கள் உணர வேண்டும். அதற்காக அந்த இருக்கையையே எடுத்துவிடுவது எவ்வகையில் நியாயம்?

ஒரே விமானியைக் கொண்டு இன்றைய பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாது என ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் ஆய்வும் 2025இல் கூறியது. விமானிகளில் ஒருவர் வெளியே செல்லும்போது பணியாளர் ஒருவர் உள்ளே இருப்பது குறித்து மீண்டும் ஆராயுமாறு ஸ்பெயின் விசாரணைக் குழு பரிந்துரைத்துள்ளது. ஒன்றரை மணி நேரப் பயணமானாலும், அந்த ஏற்பாட்டை எல்லா நிறுவனங்களும் இன்றே நடைமுறைப்படுத்தலாம்.