சாவி யார் கையில் இருந்தது?

இந்த இதழுக்கான கூட்டத்தில் தலையங்கத்தின் பொருளை நான் சொன்னதும் ஒரு மாணவத் தோழர் சிரித்துவிட்டார். "என்ன தோழர், நாய்க்குத் தலையங்கமா? நம்ம ஆளுங்க சாவுக்கே பக்கம் பத்தல." மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஊர்க்குளத்தில் நாய் வாய் வைக்கலாம், நாம் கை வைக்கக் கூடாது என்றிருந்த நாட்டில்தான் 1927இல் மகாத் குளத்து நீரைக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாயைக் காட்டி நம்மைத் தாழ்த்தியவர்கள் நாயை மேலே வைத்தவர்களும் அல்ல. அதையும் கல்லால் அடித்தவர்கள்தான். ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுதப்போவது நாயைப் பற்றி மட்டும் அல்ல, அதைப் பூட்டிவிட்டுப் போன கையைப் பற்றி.

அமெரிக்காவில் கோடை வந்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. போலீஸ் நாய் போலீஸ் காருக்குள்ளேயே அடைபட்டு, வெந்து செத்துப்போனது என்று. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2007 ஆகஸ்ட் 11, அரிசோனா மாநிலம், சாண்ட்லர் நகரம். ஒரு போலீஸ் சார்ஜண்ட் காலையில் தன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறார். பின்னால் இருக்கும் நாயை இறக்கவில்லை. மறந்துவிட்டாராம். இரவில் நினைவு வந்து போய்ப் பார்க்கும்போது 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாயின் பெயர் பேண்டிட். கொள்ளைக்காரன் என்று அர்த்தம். போலீஸ்காரர்கள் தங்கள் நாய்க்கு வைத்துக்கொள்ளும் பெயரைப் பாருங்கள்.

சாவு எப்படி வந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2005இல் அளந்து எழுதினார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. வெளியே மிதமான வெயில் என்றாலும் உள்ளே அடுப்புதான். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், நாய்க்கு வேர்ப்பது பாதத்தில் கொஞ்சம். அது நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். இழுக்கிற மூச்சே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் இளைப்பதும் வீண். உடம்பு 41 டிகிரியைத் தாண்டிப் போகப் போக உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். தூங்கினாப்புல வர்ற சாவு இல்ல இது.

அந்தச் சார்ஜண்டைக் கைது செய்தவர் மாரிகோபா மாவட்டத்தின் ஷெரீப் ஜோ அர்பையோ. மிருகவதை வழக்கு, அதிலும் சிறிய குற்றப் பிரிவில். 2008இல் விசாரித்து விடுதலை செய்துவிட்டார்கள். மறதி குற்றமாகாது என்றது தரப்பு வாதம். பிறகு சார்ஜண்ட், தன்னைக் கைது செய்தது தவறு என்று வழக்குப் போட, மாவட்ட நிர்வாகம் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கணக்குப் பார்த்தால் செத்தது நாய், நட்டஈடு வாங்கியது போலீஸ்காரர்.

சரி, ஷெரீப் நல்லவர்தானே, போலீஸ்காரனையே பிடித்தாரே என்று கேட்கலாம். இதே அர்பையோதான் 1993இல் அரிசோனா வெயிலில் பட்டாளத்துப் பழைய கூடாரங்களை அடித்து அதற்குள் கைதிகளைப் போட்டவர். 2017இல்தான் அந்தக் கூடாரச் சிறையை மூடினார்கள். வதைபட்ட நாய், பூனைகளை மீட்டு வைக்க அவர் நடத்திய காப்பகமோ ஏசி போட்ட பழைய சிறைக் கட்டடத்தில் இருந்தது. அவற்றைக் குளிப்பாட்டிச் சோறு வைத்ததும் கைதிகள்தான். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைத் தோற்றத்தைப் பார்த்துப் பிடிப்பதை நிறுத்து என்ற நீதிமன்ற உத்தரவை மதிக்காததற்காக 2017 ஜூலையில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

அதே மாவட்டத்தில் 2009 மே மாதம் இன்னொரு சாவு. இது ஷெரீபின் சிறை அல்ல, பெரிவில் என்ற இடத்தில் உள்ள மாநிலப் பெண்கள் சிறை. மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 48 வயதுப் பெண் கைதியைத் திறந்தவெளிக் கம்பிக்கூண்டில் நிற்க வைத்தார்கள். நிழல் கிடையாது. வெயில் 41 டிகிரிக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. ஏறக்குறைய நாலு மணி நேரம் இருந்தார். மயங்கி விழுந்தார், இறந்தார். 16 ஊழியர்கள் மேல் துறை நடவடிக்கை எடுத்தார்கள். ஆனால் குற்ற வழக்கு? மாவட்ட அரசு வழக்கறிஞர் 2010இல் வேண்டாம் என்று முடித்துவிட்டார். நாய்க்காவது ஒரு விசாரணைக் கூண்டு கிடைத்தது. பாலியல் தொழிலுக்காகச் சிறைக்கு வந்த அந்த ஏழைப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

இங்கே நிறுத்தி, "பாத்தியா, நாய்க்கு ஒரு நியாயம், மனுசிக்கு ஒரு நியாயம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாணவத் தோழர் அதைத்தான் எதிர்பார்த்தார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாய்க்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு சாவிலும் பூட்டு ஒன்று, சாவி ஒன்று. சாவியை வைத்திருந்தவர் கடைசியில் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு கோபம் நமக்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இந்த நாய்கள் யார் மேல் ஏவப்பட்டவை? 1963இல் பர்மிங்காம் தெருவில் கறுப்பினப் பிள்ளைகள் மேல் போலீஸ் நாயை அவிழ்த்துவிட்ட படத்தை உலகமே பார்த்தது. பெர்குசன் நகரப் போலீசை ஆராய்ந்து அமெரிக்க நீதித்துறை 2015இல் அறிக்கை வெளியிட்டது. நாய்க்கடி பட்டவர் எந்த இனம் என்று பதிவாகியிருந்த ஒவ்வொரு சம்பவத்திலும் கடிபட்டவர் கறுப்பர் என்கிறது அது. ஒவ்வொன்றிலும். கருஞ்சிறுத்தைகளிடம் பெயரை எடுத்துக்கொண்டுதான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்த உறவில் வந்த நாம் அந்த நாய்க்கு எதற்கு அழ வேண்டும்?

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரு களவு நடந்தது. மேலத்தெருவில் நகை போய்விட்டது. போலீஸ் வேனில் மோப்ப நாய் வந்தது. நாங்கள் எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தோம், அவ்வளவு அழகான நாயை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அது கிணற்றடி வரை போனது, சுற்றிச் சுற்றி வந்தது, உட்கார்ந்துவிட்டது. சங்கிலியைப் பிடித்திருந்தவர் ஒரு இழுப்பு இழுத்து எங்கள் தெருப் பக்கம் திருப்பினார். "நாயே காட்டிக் குடுத்துருச்சு" என்றார்கள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் மூன்று பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். என் சித்தப்பா அதில் ஒருவர். திரும்பி வந்தபிறகு ஒரு மாசம் அவரால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. நகை பிற்பாடு அந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்ததாகச் சொல்வார்கள். என் சித்தப்பா சாகிறவரை அந்த நாயைத் திட்டியதில்லை. "அது என்ன பண்ணும், சங்கிலி அவன் கையில" என்பார்.

கடித்தால் நாய் கடித்தது. காட்டிக்கொடுத்தால் நாய் காட்டிக்கொடுத்தது. செத்தால் வெயிலில் செத்தது. போலீஸ் எழுதுகிற இலக்கணத்தில் போலீஸ்காரன் ஒருநாளும் எழுவாயாக வரமாட்டான். நம் லாக்கப் சாவு அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. நெஞ்சுவலி வந்தது, வழுக்கி விழுந்தார், இறந்தார்.

பூட்டிய வண்டி என்றதும் எனக்குப் போத்தனூர் நினைவு வராமல் இருக்காது. 1921 நவம்பரில் மலபார் கலகத்தில் பிடித்த மாப்பிளைக் கைதிகள் சுமார் 100 பேரைத் திரூரில் காற்றுப் புகாத ஒரு சரக்கு வேகனில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணக்குவியல். ஏறக்குறைய 70 பேர். காவலுக்கு வந்த போலீஸ் அதே ரயிலில்தான் இருந்தது. விசாரணைக் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது, யாரும் சிறைக்குப் போகவில்லை. அன்றைக்கும் குற்றவாளி காற்றோட்டம்தான்!

சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் போலீஸ் நாயை ஒருவர் வன்மத்தோடு கொன்றால் 10 ஆண்டு வரை சிறை, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி. நாய்க்குப் பேட்ஜ் உண்டு, செத்தால் துப்பாக்கி மரியாதைகூட உண்டு. வெளியாள் கொன்றால் அது அதிகாரி. உள்ளாள் கொன்றால் அது மறந்துபோன சாமான்.

அந்தச் சார்ஜண்ட் ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. தூக்கமில்லாமல் வேலை பார்த்தவன் மறந்திருக்கலாம். மறக்கிற அளவுக்கு அவனுக்கு வேலை போட்ட மேலதிகாரி யார், பின்னிருக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஏன் விதி இல்லை, உள்ளே சூடு ஏறினால் தானாகக் கண்ணாடி இறங்கி ஒலி எழுப்பும் கருவி விற்பனையில் இருக்கும்போது ஏன் எல்லா வண்டியிலும் இல்லை என்று மேலே நோக்கிக் கேட்க வேண்டும். கருவியைப் பொருத்திவிட்டு, "கருவி வேலை செய்யல" என்று கை கழுவவும் விடக் கூடாது.

விசாரணை வெளியிலிருந்து வர வேண்டும். இங்கிலாந்தில் 2009 ஜூனில் நாட்டிங்காம்ஷயர் போலீசின் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் இதேபோல் காருக்குள் செத்தன. வழக்குப் போட்டது போலீஸ் இல்லை, மிருகவதைத் தடுப்புச் சங்கம். 2010இல் நாய்களை வைத்திருந்த போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை என்று பார்த்தால் நிபந்தனையோடு விடுவித்ததும் செலவுத் தொகை கட்டச் சொன்னதும்தான். ஆனாலும் நீதிமன்ற ஏட்டில் "இவர் செய்தார்" என்று எழுவாயோடு ஒரு வரி ஏறியது. பெரிவில் கூண்டில் செத்த பெண்ணுக்கு அந்த ஒரு வரி இன்றுவரை இல்லை.

மாணவத் தோழர் இதைப் படித்துப் பார்த்தார். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுப்பு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த இதழில், இதே பக்கத்தில் வரும்.