தேடலில் தாராளம், திருத்தத்தில் நிதானம்

அடியேன் வாழும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் என எழுதுவார் ஒருவர். திருக்கழுகுன்றம் என்பார் மற்றொருவர். முதல் ஒற்றையும் விட்டுத் திருகழுக்குன்றம், திருகழுகுன்றம் என எழுதுவாரும் உளர். நம் இல்லங்களில் வழங்கும் முகம்மது என்னும் பெயரும் முகமது, முஹமது, முஹம்மது எனப் பலவாறு பதிவாகிறது. மனிதக் கண் இவற்றை ஒன்றென உணரும். கணினிக்கோ ஓர் எழுத்து மாறினும் சொல் வேறு. எனவே நீண்டதொரு பட்டியலில் தேடும்போது 'இல்லை' என்று விடை வருமாயின், அந்த மனிதரே பட்டியலில் இல்லை என முடிவு செய்யலாகாது. கேட்ட வடிவில் இல்லை என்பதே அதன் பொருள்.

இக்குறை தீர்க்கும் முறைக்கு 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். தமிழில் சுருங்குறித்தொடர் என்பர். ஒரு சொல்லைத் தேடாமல், அது வரக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் ஒரே குறியீட்டால் தேடுவது இது. அமெரிக்கத் தருக்கவியலறிஞர் ஸ்டீபன் கிளேனி 1956-இல் வெளியிட்ட கணிதக் கருத்தைக் கென் தாம்சன் 1968-இல் கணினித் தேடலுக்கு உரியதாக்கினார். அவருடன் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லீ மக்மஹோன், 1787–88-இல் புனைபெயரில் வெளிவந்த 85 அரசியல் கட்டுரைகளை எவரெவர் எழுதினர் என ஆராய விரும்பினார். அவ்வளவு பெரிய உரையை அக்காலத் திருத்தி நிரல் தாங்கவில்லை. அதற்கெனத் தாம்சன் ஆக்கித் தந்த தேடற்கட்டளையே 'கிரெப்'. பின்னர், உரையைத் திருத்தும் 'செட்' என்னும் கட்டளையை மக்மஹோனே உருவாக்கினார்.

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் கிரெப் என்பதை அடுத்து, சிறுகோடும் 'ஈ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் இட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் பின்வரும் அமைப்பைத் தந்து, கோப்பின் பெயரையும் எழுதுக:

திரு(க்)?கழு(க்)?குன்றம்

கேள்விக்குறி, அதற்கு முன்னுள்ளது இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று உணர்த்தும். ஊர்ப்பெயரின் நான்கு வடிவங்களும் அகப்படும். அவ்வாறே,

மு[கஹ](ம்)?மது

என்பது மேற்சொன்ன நான்கு பெயர்களையும் தேடித் தரும். சதுர அடைப்புக்குள் உள்ளவற்றுள் ஏதேனும் ஓர் எழுத்து வரலாம் என்பது விதி.

தமிழர் இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். நமக்கு 'க்' ஓர் எழுத்து. யூனிகோடு முறையிலோ ககரமும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். வளை அடைப்பு இல்லையேல் கேள்விக்குறி புள்ளியை மட்டுமே சாரும், ககரம் கட்டாயமாகிவிடும், 'திருகழுகுன்றம்' தப்பிப் போகும்.

இனித் திருத்தம். செட் கட்டளை ஆயிரம் வரிகளையும் நொடியில் மாற்ற வல்லது. தனியே ஆணையிட்டாலன்றி அது மூலக்கோப்பைத் தொடாது. மாற்றிய உரையைத் திரையில் மட்டுமே காட்டும். அதனைக் கண்ணால் படித்துச் சரிபார்த்த பின்னரே, மூலத்தின் படியொன்றைக் காப்பில் வைத்து, நிலையாக மாற்றுக. ஊரின் பெயரை ஒரே வடிவாக்குவதால் தீங்கில்லை. ஆட்பெயர் அத்தகையதன்று. பள்ளிச் சான்றிதழில் 'முகமது' என்றிருப்பவரைப் பட்டியலில் மட்டும் 'முஹம்மது' ஆக்கினால், இரு ஆவணங்களும் முரண்பட, அலைச்சல் அவருக்கே வந்து சேரும். அவர் பெயரின் எழுத்து அவருடைய உரிமை.

ஆகவே அன்பர்களே, தேடும்போது எல்லா வடிவங்களுக்கும் இடம் தருக. திருத்தும்போது ஒவ்வொரு பெயருக்கும் உரியவரைக் கேட்டு மாற்றுக.