காரைப் பதித்தால் அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடாது



கொஞ்சம் நீண்ட பதிவு. கார் வைத்திருக்கும் தம்பிமாரும், வெளிநாட்டிலிருந்து அவர்களுக்குக் காசு அனுப்பும் மாமாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் விஞ்ஞானம் படித்த பெடியன் ஒருவன் அண்மையில் பழைய ஹொண்டா சீ.ஆர்.இசட் ஒன்று வாங்கினான். நல்ல கார். வாங்கி இரண்டு கிழமைக்குள் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதித்து, முகநூலில் படமும் போட்டுவிட்டான். கீழே எங்கள் ஊர் நிபுணர்கள் கூடிவிட்டார்கள். "இப்பதான் மச்சான் ரோட்டில ஒட்டிக்கொண்டு போகும்" என்றார் ஒருவர். "அடுத்தது 32 ஸ்டெப் கொயில்ஓவர் போடு" என்றார் இன்னொருவர். பெரியவர்கள் வந்து "காசு கூடினால் திமிர்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தத் திட்டு அவனுக்கு ஒன்றையும் படிப்பிக்கவில்லை. நிபுணர்கள் படிப்பித்தது பிழை.

ரோட்டில் ஒட்டாது. ஏன் என்று சொல்கிறேன்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது சொக் அப்சோபர். உள்ளே ஒரு பிஸ்டன் ஒயிலைச் சின்னத் துளைகளால் தள்ளுகிறது. துள்ளலின் சக்தி வெப்பமாகப் போகிறது. இரண்டும் சோடி. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில், அதாவது 20 சதவீதம் கூடும். வெட்டினால் மெதுமையாகும் என்று நினைப்பவர்கள் சுருள்வில் பாடத்தைத் திரும்பப் பார்க்கவும். பழைய விறைப்புக்கு அளந்து செய்த சொக் இந்தப் புதுத் துள்ளலை முழுதாக அடக்காது. அதோடு கார் 5 சென்ரிமீற்றர் பதிந்தால், பள்ளத்தில் சில்லு மேலே எழும்ப இருந்த இடத்தில் 5 சென்ரிமீற்றர் போய்விட்டது. மிச்ச இடமும் முடிந்ததும் அடியில் இருக்கிற ரப்பரில் போய் முட்டும், கார் உதறும், ரயர் ரோட்டை விட்டுக் கிளம்பும். கிளம்பின ரயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டேரிங்கும் இல்லை. சில்லு கீழே தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகவும் கூடும்.

அஜித் ஓட்டவில்லையா என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் அவருடைய அணி 991 பிரிவில் மூன்றாமிடம் எடுத்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த போர்ஷே ஓடியது வழுவழுப்பான பந்தயத் தடத்தில். எங்களுக்கு இருப்பது மாரியில் தண்ணீர் மூடின குழியும், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஸ்பீட் பிரேக்கரும், கே.கே.எஸ் வீதிப் பக்கம் போனால் ரயில் கடவையும். ஜப்பானிலேயே தரைக்கும் காரின் அடிக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் இல்லாவிட்டால் வாகனப் பரிசோதனையில் பாஸ் இல்லை. அவ்வளவு நல்ல ரோட்டுக்காரனுக்கே அந்தச் சட்டம்.

நல்ல சொக் போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு. பதினைந்து வருஷம் ஓடின காரின் சொக் களைத்துத்தான் இருக்கும். பொனற்றின் மூலையை அமத்தி விட்டுப் பார். ஒரு தரம் எழும்பி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் மாற்று. கழற்றின பழைய ஜப்பான் சொக் மலிவு என்று வாங்காதே, அதுவும் இன்னொருவனின் காரில் களைத்ததுதான். கயாபா, டொகிகோ, கோனி எதுவானாலும் உன் மொடல் இலக்கம் இசட்.எஃப்1-க்கு உரியதா, உயரம் கம்பனி உயரமா என்று பார். நைதரசன் வாயு அடைத்தது நல்லது, ஒயில் நுரைப்பதைக் குறைக்கும். ஒற்றைக் குழாய் சொக் சூட்டை நன்றாக வெளிவிடும். ஆனால் அதில் வெளிக்குழாயில்தான் பிஸ்டன் ஓடுகிறது. கல் அடித்து நெளிந்தால் இறுகிவிடும். எங்கள் பக்கத்துக்கு இரட்டைக் குழாய் போதும் என்பது என் கருத்து. 32 ஸ்டெப் என்று விற்பவரிடம் ஸ்பிரிங்கின் விறைப்பு எத்தனை, சொக் எவ்வளவு தூரம் ஓடும், ஒயில் லீக்கானால் யார் திருத்துவார் என்று மூன்றே கேள்வி கேள். பதில் இல்லாவிட்டால் நீ வாங்கப்போவது நிறம் பூசின இரும்பு.

"என் கார், என் காசு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் தடத்தை விட்டு விலகின கார் மோதி 7 பேர் மௌத்தானார்கள். அது நடத்துனர்கள் நின்ற போட்டித் திடல். அங்கே காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் பாதையை விட்டு விலகின கார் யாருடைய காசு என்று பார்ப்பதில்லை. பண்டத்தரிப்பிலிருந்து சண்டிலிப்பாய்ப் பக்கம் காலை ஏழு மணிக்கு மதிலோரமாகச் சைக்கிளில் போவது என்னுடைய வகுப்புப் பிள்ளைகள். குத்பாவில் வீண்விரயம் என்று கேட்டால் கலியாணச் சாப்பாட்டை மட்டும் நினைக்கிறோம். உதவாத பொருளுக்குக் கொட்டுகிற காசும் அதுதான். அந்தப் பொருள் அடுத்தவன் பிள்ளைக்கு ஆபத்தும் என்றால் வேறு சொல் தேடவேண்டும்.

வெட்டிக் கொடுத்த கராஜ்காரரை நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் அண்ணை, பெடியன் கேட்டான் என்பது பதில் இல்லை. மருந்துக் கடையில் பிள்ளை கேட்டதெல்லாம் கொடுப்பார்களா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வட்ஸ்அப்பில் கேட்கிறான்: "சேர், வெட்டின ஸ்பிரிங்கைத் திரும்ப ஒட்டலாமா?" ஒட்ட ஏலாது தம்பி, சூடு பட்டால் உருக்கின் பதம் கெட்டுவிடும். நாலு ஸ்பிரிங்கும் புதிதாக, கம்பனி அளவில் எடு. அதுவரைக்கும் காரை வீட்டில் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வா.