தலைகுனிய வேண்டியவன் யார்?



1992 ஏப்ரலில் தொடங்கி 1995 டிசம்பர் வரை போஸ்னியாவில் நடந்த போரைப் பற்றி உங்களில் மூத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜும்ஆ மிம்பர்களிலும் தெருமுனைக் கூட்டங்களிலும் அந்தப் பெயர் ஓயாமல் ஒலித்த காலம் அது. அழுதோம், துஆ செய்தோம், துண்டேந்தி வசூல் செய்தோம். சரி, போர் முடிந்தது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்களைச் சீரழித்தவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கேட்க வேண்டிய கேள்வி அது. ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

போஸ்னியாவில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் 20,000 பேர் என்றும் 50,000 பேர் என்றும் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். திட்டமிட்டு, அமைப்பு ரீதியாக இது நடக்கிறது என்று ஐ.நா. பாதுகாப்பு சபையே 1992 டிசம்பரில் தனது 798ஆம் தீர்மானத்தில் முஸ்லிம் பெண்களைக் குறிப்பிட்டுக் கண்டித்தது. போர் வெறியில் எவனோ சில சிப்பாய்கள் செய்த காரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு மக்களை அவர்களுடைய ஊரிலிருந்து நிரந்தரமாகத் துரத்துவதற்கு அது ஓர் ஆயுதம். வீட்டைக் கொளுத்தினால் மறுபடி கட்டிக்கொள்வார்கள். பெண்ணைச் சீரழித்தால் அவள் அந்த ஊருக்குத் திரும்ப மாட்டாள், அவளுடைய அண்ணனும் தம்பியும் தலைநிமிர்ந்து அந்தத் தெருவில் நடக்க மாட்டார்கள். இதுதான் எதிரி போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை நன்றாகக் கவனியுங்கள் சகோதரர்களே! இது பலிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தப் பெண்ணை அவளுடைய சமுதாயமே இழிவாகப் பார்க்க வேண்டும். துப்பாக்கி எதிரியுடையதுதான். ஆனால் அதில் மருந்து நிரப்பிக் கொடுப்பது யார்?

த்ரினா நதிக்கரையில் ஃபோச்சா என்று ஓர் ஊர். பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அலாஜா பள்ளிவாசலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1992இல் அந்தப் பள்ளியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே ஆண்டில் அங்கே முஸ்லிம் பெண்களையும் சிறுமிகளையும் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்திலும், பார்ட்டிசான் விளையாட்டு அரங்கத்திலும், தனியார் வீடுகளிலும் அடைத்து வைத்தார்கள். இரவுதோறும் சிப்பாய்கள் வந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை 200 ஜெர்மன் மார்க்குக்கு விற்றிருக்கிறார்கள். இது கதையல்ல. நீதிமன்றத் தீர்ப்பில் பதிவான உண்மை. அந்தப் பிள்ளை அதன்பின் கிடைக்கவே இல்லை.

தீர்ப்பு எப்படி வந்தது? பெண்கள் பேசினார்கள். ஆம்! அந்தப் பெண்களே நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போய், தங்களைச் சீரழித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, கூண்டில் ஏறி, நடந்ததை ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர்களுடைய பெயர் வெளியே தெரியாமல் எண்கள் கொடுக்கப்பட்டன. ஸாம்பியா நாட்டைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸ் மும்பா என்ற பெண் நீதிபதி தலைமையிலான அமர்வு 2001 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பு வழங்கியது. குனராட்ஸுக்கு 28 ஆண்டு, கோவாச்சுக்கு 20 ஆண்டு, வூகோவிச்சுக்கு 12 ஆண்டு. அந்த நீதிமன்றம் வன்புணர்வையும் பெண்களை அடிமையாக வைத்திருந்ததையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகத் தீர்மானித்துத் தண்டித்தது அதுவே முதல் தடவை.

இதற்குச் சுமார் இரண்டரை ஆண்டுகள் முன்பு, 1998 செப்டம்பரில், ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த நீதிமன்றம் அகாயேசு என்ற ஊர்த் தலைவரின் வழக்கில் வன்புணர்வு இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று தீர்ப்பளித்திருந்தது. முதலில் அவன் மீதான குற்றப்பத்திரிகையில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் தாமாகவே வாய் திறந்தார்கள். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி அதைக் காதில் வாங்கினார், மேற்கொண்டு கேட்டார். பெண்கள் அமைப்புகள் வெளியிலிருந்து மனுப் போட்டு நெருக்கின. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அந்த நீதிபதி யார் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பம் ஒன்றில், பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை!

பேசினால்தான் வழக்கு, சாட்சி இருந்தால்தான் தண்டனை. போஸ்னியப் பெண்கள் பேசும் அளவுக்கு எப்படித் துணிந்தார்கள்?

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1993 ஏப்ரலில், ஸெனித்ஸா நகரில் மோனிகா ஹவுஸர் என்ற பெண் மருத்துவரும் போஸ்னியப் பெண்களும் சேர்ந்து ‘மெடிக்கா’ என்ற சிகிச்சை இல்லத்தைத் திறந்தார்கள். மருந்து, தங்குமிடம், மனதுக்கு ஆறுதல் எல்லாம் கிடைத்தது. ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனால்? கணவன் என்ன சொல்வான்? மாமியார் என்ன சொல்வாள்? ஆகவே மெடிக்காவினர் அங்குள்ள உலமாக்களைத் தேடிப் போனார்கள். உலமாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “நமக்கேன் வம்பு” என்று கதவைச் சாத்தவில்லை. இந்தப் பெண்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை, இவர்களைக் கண்ணியப்படுத்துவதும் அரவணைப்பதும் சமுதாயத்தின் கடமை என்று பகிரங்கமாக ஃபத்வா கொடுத்தார்கள். வெளிநாட்டு மருத்துவரால் செய்ய முடியாத சிகிச்சை அது. மிம்பரில் நிற்பவரால் மட்டுமே முடியும்.

இதில் அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொழுகைக்காக வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு பெண் வழியில் பலவந்தப்படுத்தப்பட்ட சம்பவம் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நபி (ஸல்) அவர்கள் “ஏன் தனியாகப் போனாய்?” என்று கேட்கவில்லை. நான்கு சாட்சிகளைக் கொண்டுவா என்றும் சொல்லவில்லை. அவள் மீது குற்றமில்லை என்று அனுப்பிவிட்டுக் குற்றவாளியைத் தண்டிக்கச் சொன்னார்கள். நான்கு சாட்சி என்பது ஸூரத்துந் நூரில் எதற்காக வந்தது? ஒழுக்கமான பெண் மீது அவதூறு சொல்பவனின் நாவை அடக்க வந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, பாதிக்கப்பட்டவளின் வாயை அடைக்கப் பயன்படுத்திய அநியாயம் பாகிஸ்தானில் 1979ஆம் ஆண்டு ஹுதூத் சட்டத்தின் கீழ் நடந்தது. புகார் கொடுத்த பெண்ணே விபச்சாரக் குற்றவாளியாகச் சிறைக்குப் போனாள். 2006இல்தான் அதைத் திருத்தினார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம் சுவரொட்டிகளில் ‘கற்பழிப்பு’ என்று எழுதுகிறோம், ‘மானத்தை இழந்த சகோதரிகள்’ என்று எழுதுகிறோம். ஒருவன் வந்து அழித்துவிட்டுப் போவதற்குக் கற்பு என்ன கரும்பலகையில் எழுதிய எழுத்தா? மானத்தை இழந்தவன் செய்தவன். வன்கொடுமை என்று எழுதுங்கள். அந்தச் சகோதரியின் படத்தையும் பெயரையும் துண்டுப் பிரசுரத்தில் போடாதீர்கள். ஹேக் நீதிமன்றம் அவளுக்கு எண் கொடுத்துக் காப்பாற்றியது. நாம் நான்கு வண்ணத்தில் அச்சடித்து பஸ் நிலையத்தில் ஒட்டலாமா?

அவர்கள் போராட்டம் ஹேக்கோடு முடியவுமில்லை. விஷேக்ராட் நகரைச் சேர்ந்த பகிரா ஹசேச்சிச், தனக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொல்லி, 2003இல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய ஊரில் பெண்களை அடைத்து வைத்திருந்த ‘விலினா வ்லாஸ்’ என்ற இடம் இன்று சுற்றுலா விடுதி! அந்த ஊர்க் கொலைகாரன் மிலான் லூகிச்சுக்கு 2009இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் பெண்களுக்குச் செய்த கொடுமை அவனுடைய குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்படவே இல்லை. பெண்கள் கொதித்தார்கள், முறையிட்டார்கள், பலிக்கவில்லை. எல்லாப் போராட்டமும் வெல்வதில்லை.

வென்றதும் உண்டு. 2006இல் போஸ்னிய கூட்டமைப்பு இந்தப் பெண்களைப் போரில் பாதிக்கப்பட்டோராகச் சட்டப்படி அங்கீகரித்து மாத உதவித்தொகை தந்தது. அந்தக் கொடுமையில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, ‘தந்தை பெயர்’ என்று கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத் தாளிலும் அவமானப்பட்டு, 2015இல் தாங்களே சங்கம் வைத்தார்கள். முதலில் 2022இல் ப்ர்ச்கோ மாவட்டமும் அடுத்த ஆண்டு கூட்டமைப்பும் அவர்களைச் சட்டத்தில் ஏற்றன. பிள்ளைகளுக்கு முப்பது வயது ஆகிவிட்டது!

இதுவரை படித்தவர்கள் தலையாட்டியிருப்பீர்கள். செய்தவன் செர்பியன், பாதிக்கப்பட்டவள் நம் சகோதரி. இனி வருவதற்கும் அதே போலத் தலையாட்ட வேண்டும்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய பங்களாதேஷில், செய்தது யார்? பாகிஸ்தான் ராணுவமும் அதன் கூலிப்படைகளும். பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு, இந்துப் பெண்களும் உண்டு. இரண்டு லட்சம் முதல் நான்கு லட்சம் வரை கணக்குச் சொல்கிறார்கள். இஸ்லாத்தின் பெயரால் நாட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு செய்தார்கள், நவூது பில்லாஹ்! ஷேக் முஜீபுர் ரஹ்மான் அந்தப் பெண்களுக்கு ‘பீராங்கனா’ என்று பெயர் சூட்டினார். நம் தமிழில் சொல்லும் வீராங்கனைதான். ஊர் அதை ‘பாராங்கனா’ என்று திரித்தது. வேசி என்று அதற்குப் பொருள். ஓர் எழுத்தை மாற்றிச் சமுதாயம் அவர்களை மறுபடி கொன்றது. சிற்பி ஃபிர்தவ்ஸி பிரியபாஷினி வெளிப்படையாகப் பேச முன்வந்தபோது கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. விடுதலைப் போராளிகள் என்ற அரசு அங்கீகாரம் 2015இல்தான் வரத் தொடங்கியது. அதற்குள் எத்தனை பேர் மவுத்தாகியிருப்பார்கள்!

2014 ஆகஸ்ட்டில் இராக்கின் சிஞ்சாரில் யஸீதிப் பெண்களை ஐ.எஸ். கும்பல் பிடித்துக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றது. ஃபோச்சாவில் 200 மார்க்குக்கு விற்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? கலிமா சொல்லிக்கொண்டு செய்தால் பாவம் குறையுமா, கூடுமா? அடுத்த மாதமே உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 120க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் கையெழுத்திட்டு, அடிமை முறையை மீண்டும் கொண்டுவருவது ஹராம் என்று பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் நம் மிம்பர்களில் எத்தனை இடத்தில் வாசிக்கப்பட்டது? யஸீதிகளின் முதிய மதத் தலைவர் பாபா ஷேக், தப்பி வரும் பெண்கள் நம் பிள்ளைகளே, அவர்களை யாரும் இழிவாக நடத்தக்கூடாது என்று அறிவித்தார். ஸெனித்ஸா உலமாக்கள் செய்ததையே அவரும் செய்தார். அந்த அறிவிப்புக்குப் பிறகு பல பெண்கள் வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான நாதியா முராத் தன் பெயரிலும் முகத்திலும் உலகத்தின் முன் நின்று பேசினார். 2018இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். இராக் நாடாளுமன்றம் 2021 மார்ச்சில் அந்தப் பெண்களுக்காகச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் பில்கீஸ் பானு 2002இலிருந்து நடத்திய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வழக்கை உள்ளூர் போலீஸ் மூடியது. விசாரணை குஜராத்திலிருந்து மும்பைக்கு மாற்றப்பட்டது. 2008இல் தண்டனை, 2022 ஆகஸ்ட் 15இல் பதினொரு பேருக்கும் விடுதலை, 2024 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றத்தால் அந்த விடுதலை ரத்து. இருபத்திரண்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அவருடைய கணவர் அவரோடு நின்றார் என்பதை நம் வாலிபர்கள் மனதில் குறித்துக்கொள்ளட்டும். விடுதலையை எதிர்த்து முதலில் உச்ச நீதிமன்றப் படியேறியவர்கள் சுபாஷினி அலி, ரேவதி லால், ரூப் ரேகா வர்மா ஆகிய மூன்று பெண்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வணிகப் பெருமக்களே! கலவரம் நடந்தால் அரிசியும் போர்வையும் அனுப்புகிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் அரிசி ஒரு மாதம் வரும், வழக்கு இருபது ஆண்டு வரும். வாய்தாவுக்குப் போக ரயில் கட்டணம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மிரட்டலுக்கு அஞ்சி வீடு மாறும்போது முன்பணம், இவற்றை யார் தருவார்கள்? வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தயங்காமல் கொடுங்கள். கடையில் அந்தப் பெண்ணுக்கோ அவள் கணவனுக்கோ வேலை கொடுங்கள், அவளுடைய கதையைக் கேட்காமல் கொடுங்கள்.

வாலிபர்களே! போர்களில் நடக்கும் பாலியல் வன்கொடுமையை ஒழிப்பதற்கான நாளாக ஜூன் 19ஐ ஐ.நா. 2015இல் அறிவித்தது. அந்த நாளை ஒட்டிய ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் ஊர் ஜமாஅத்துக்கு இப்போதே எழுத்தில் கொடுங்கள். போஸ்னியாவை மட்டும் பேசிவிட்டு இறங்காமல் டாக்காவையும் சிஞ்சாரையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். பெண்கள் பகுதிக்கு ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று அன்றைக்கு முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.