தாய்க்கு விடுப்பு; வேலை யாருக்கு?

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்பு பெங்களூரின் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் விடுப்புப் பட்டியல் தயாராகும். குழந்தைகள் உள்ளவர்கள் ஊருக்குப் போகட்டும். மற்றவர்கள் இருந்து வேலையைக் கவனித்துக்கொள்ளட்டும் என்று மேலதிகாரி முடிவு செய்வார். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. குழந்தை மத்தாப்பு கொளுத்தும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லக்கூடிய கல்நெஞ்சர் யார்? ஆனால் அதே பட்டியல் தசரா விடுமுறையிலும், பள்ளித் தேர்வு நாட்களிலும், கோடை விடுமுறையிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும்போது, "எங்களுக்கு வீடு இல்லையா? பண்டிகை இல்லையா?" என்ற கேள்வி மணமாகாதவர்கள் மனத்திலும், குழந்தை இல்லாதவர்கள் மனத்திலும் எழத்தான் செய்யும். வேலூரிலோ சேலத்திலோ ஒரு வயதான தாய், மகனோ மகளோ வரும் நாளை எண்ணிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தான்.

இந்தக் குறை வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போது தவறான உருவில் வெளிப்படுகிறது. "பிள்ளை பெறுவது அவரவர் சொந்த விஷயம், அதற்கு மற்றவர் ஏன் உழைக்க வேண்டும்?" என்று ஒரு தரப்பு முணுமுணுக்கிறது. "பிள்ளை இல்லாதவருக்கு இந்தக் கஷ்டம் என்ன தெரியும்?" என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. இரண்டுமே புண்படுத்தும் சொற்கள். உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். தாய்க்குத் தரப்படும் உரிமை நியாயமானதா என்பது ஒன்று. அந்த உரிமையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சக ஊழியர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள நேர்கிறது.

முதல் கேள்விக்கு விடை தெளிவானது. இன்றுள்ள உரிமைகள் எளிதில் கிடைத்தவை அல்ல. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் பிறந்த சி. பி. முத்தம்மா, 1949-ல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியிலிருந்த பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்று அன்றைய விதி கூறியது. ஆண் அதிகாரிக்கு அப்படிப்பட்ட விதி எதுவும் இல்லை. 1979-ல் அவர் தொடுத்த வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்தார். முதல் முறை கருவுற்றதுமே விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற ஏர் இந்தியாவின் விதியை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 1981-ல்தான். வேலை வேண்டுமா, குழந்தை வேண்டுமா என்று பெண்ணை மட்டும் நிறுத்திக் கேட்ட காலம் அது.

1961-ம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017-ம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. இந்த விதிகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திற்குள் வந்துவிட்டன. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008-ல் வந்தது. கர்நாடக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 180 நாள் விடுப்பை 2021-ல் அறிவித்தது. இப்படிப்பட்ட விடுப்பு பெண்கள் வேலையில் நிலைத்திருக்க உதவும் ஏற்பாடு என்றும், பெண்கள் வேலையில் பங்கு பெறுவது சலுகையன்று, அரசியல் சட்டம் தரும் உரிமை என்றும் 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, "பிள்ளை பெறுவது சொந்த விஷயம்" என்ற வாதம் இனி எடுபடாது. எடுபடவும் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோருக்குப் பழைய உரை ஒன்று வழிகாட்டும். 1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகாலப் பயன் மசோதா விவாதிக்கப்பட்டபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேச நலனுக்கு உகந்தது என்பது அவர் வாதம். அத்தோடு நில்லாமல், தேச நலனுக்காகச் செய்யப்படும் காரியத்தின் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்பதுதான் முறை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஊருக்கெல்லாம் நன்மை என்றால் செலவும் ஊருக்கெல்லாம் பொதுவாக வேண்டும் என்பதே அதன் சாரம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும், அந்தச் சுமை இன்னும் சரியான தோளுக்கு மாறவில்லை.

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். இ. எஸ். ஐ. திட்டத்தில் சேர்ந்த பெண்ணுக்குப் பேறுகாலத்தில் சம்பளத்துக்கு ஈடான தொகையைத் தருவது இ. எஸ். ஐ. கழகம், தொழிற்சாலை அல்ல. அந்த நிதி எங்கிருந்து வருகிறது? 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 3.25 சதவீதத்தை நிர்வாகமும், 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். இதில் குழந்தை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. மணமாகாத பெண்ணும், குழந்தை வேண்டிக் காத்திருக்கும் பெண்ணும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பெண்ணும் மாதந்தோறும் தங்கள் பங்கைக் கட்டுகிறார்கள். அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. நோய் வந்தால் தங்களுக்கும் அந்த நிதி உதவும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் சிறிது சிறிதாகச் சுமந்தால் பாரம் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

கோளாறு பணத்தில் இல்லை, வேலையில்தான் இருக்கிறது. விடுப்பில் சென்றவரின் சம்பளம் தொழிற்சாலைக்கு மிச்சமாகிறது. அந்தத் தொகையில் மாற்று ஆளை அமர்த்த என்ன தடை? அமர்த்தாமல், லைனின் டார்கெட்டையும் குறைக்காமல், முப்பது பேர் செய்த வேலையை இருபத்தொன்பது பேரிடம் வாங்கினால், அதன் லாபம் யாருக்கு? அந்த இருபத்தொன்பது பேரின் கோபம் மட்டும் கணக்கு எழுதுபவர் மீது பாயாமல், தொட்டிலருகே தூக்கமின்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மீது பாய்கிறது.

இ. எஸ். ஐ.க்கு வெளியே உள்ள நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே 26 வாரச் சம்பளமும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பெரிய நிறுவனம் தாங்கும்; சிறிய நிறுவனம் இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கும். கருணையில் பிறந்த சட்டம் பெண்ணின் வேலைக்கே உலை வைக்கலாமா? அம்பேத்கர் சொன்ன கணக்கை மத்திய அரசு இங்கேதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

குழந்தை இல்லாதவர்களின் நிலையையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். "உங்களுக்கு என்ன, வீட்டில் குழந்தையா குட்டியா?" என்று சிரித்துக்கொண்டே இரவு ஷிப்டை ஒருவர் தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது. கேட்பவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. பத்தாண்டுகளாக மருத்துவரிடமும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அது ஈட்டி. ஊரில் விசேஷ வீடுகளில் கேட்ட சொல்லையே வேலை செய்யும் இடத்திலும் அவள் கேட்க வேண்டுமா? கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு சேரும் இளைஞனை "நீ தனி ஆள்தானே, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போ" என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் அவன் ரயில் போய்விடும். படுத்த படுக்கையாக இருக்கும் தகப்பனாரை அவன்தான் கவனித்துக்கொள்கிறான் என்பது வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்காது.

இந்தத் தகராறில் பெரும்பாலும் பெண்களே இரு தரப்பிலும் நிற்பது கவனிக்கத்தக்கது. குழந்தைகளின் தந்தையர் எங்கே? அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட, ஆண்களில் 21.4 சதவீதம் பேரே ஈடுபட்டனர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயின் அலுவலகத்துக்குத்தான் பள்ளியிலிருந்து தொலைபேசி வருகிறது. தந்தையின் அலுவலகம் அவருக்குக் குழந்தை இருப்பதையே அறியாதது போல் நடக்கிறது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. தந்தை ஒரு நாள் விடுப்பெடுத்தால் தாயின் விடுப்பில் ஒரு நாள் குறையும். அவளுடைய தோழிக்கு ஒரு நாள் மிகை வேலை குறையும்.

தொட்டில் விஷயமும் அப்படியே. 50 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் அதில் இடமுண்டு. பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் நெருக்கமாக இருக்கும் சிறு பட்டறைகளுக்கு இது ஏற்ற வழி. காப்பகம் பக்கத்தில் இருந்தால் தாய் நேரத்துக்கு வேலைக்கு வருவாள். அவளுக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாடுகளில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். பிரிட்டனில் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை 2003-ல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் தரப்பட்டது. பிறகு முதியோரைப் பராமரிப்பவர்களுக்கும், 2014-ல் எல்லா ஊழியர்களுக்கும் அது விரிந்தது. காரணம் குழந்தையா, தாயாரா, படிப்பா என்ற கேள்வி போய்விட்டதால் பொறாமைக்கும் இடமில்லாது போயிற்று. ஜப்பானில் மிட்சுயி சுமிட்டோமோ காப்பீட்டு நிறுவனம் 2023-ல் ஒரு புதுமை செய்தது. ஒருவர் குழந்தைக்காக விடுப்பில் போனால், அவர் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் சக ஊழியர்களுக்கு ஒரு லட்சம் யென் வரை வெகுமதி தர அது ஏற்பாடு செய்தது. விடுப்பில் செல்பவர் குற்ற உணர்ச்சியோடு செல்ல வேண்டியதில்லை; இருப்பவர் மனக்கசப்போடு இருக்க வேண்டியதில்லை.

இங்கே செய்ய வேண்டியவை அரியவை அல்ல. பேறுகால விடுப்பில் செல்பவரின் இடத்துக்கு மாற்று ஆளை அமர்த்துவது கட்டாயமாக்கப்பட வேண்டும். இயலாத இடத்தில், வேலையைச் சுமப்பவருக்கு அதற்கான ஊதியம் தர வேண்டும். பண்டிகை விடுப்பையும் இரவு ஷிப்டையும் முறை வைத்துப் பிரிக்க வேண்டும். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் அடுத்த தீபாவளிக்கு வேலைக்கு வரட்டும். பாலூட்டும் தாய்க்கும் கருவுற்றவருக்கும் மட்டும் அதில் விலக்கு இருக்கலாம். பெற்றோரைப் பராமரிக்கவும் விடுப்பு வேண்டும். தந்தையர் விடுப்பைச் சட்டமாக்க வேண்டும். ஒருவருக்குக் குழந்தை உண்டா இல்லையா என்று விசாரிக்கும் உரிமை எந்த மேலதிகாரிக்கும் இல்லை என்பதும் விதியாக வேண்டும்.

தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வுக்கும் போனஸுக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது இந்தக் கோரிக்கைகளுக்கு ஒதுக்க வேண்டும். தாய்மார்களின் உரிமையைக் குறைத்து மற்றவர்களுக்கு நியாயம் செய்துவிட முடியாது. மற்றவர்களின் உழைப்பை இலவசமாக எடுத்துத் தாய்மார்களுக்கு நியாயம் செய்துவிடவும் முடியாது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை நாளை ஊருக்கெல்லாம் உழைக்கும். பிள்ளை பெறாதவரின் முதுமைக்கும் அதுவே துணை நிற்கும். அந்தக் குழந்தைக்காக இன்று கூடுதலாக உழைப்பவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுவதே நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் அழகு.